குழாயை அடைத்த சேலை

1

போன புதன்கிழமை கம்பனி எனக்காக ஒரு கேக் வெட்டியது. அடுத்த நாள் ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்தது. கேக், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனதற்கு. கடிதம், அனுமதியில்லாமல் ஒரு வீட்டுக்குள் ஓடிப்போய் அங்கிருந்த தாயையும் பிள்ளையையும் வெளியே இழுத்து வந்ததற்கு. ஏதோ வீரச்செயல் செய்தவள் போல நான் பீற்றிக்கொள்ளவும் முடியாது. அவர்களை ஆபத்தில் வைத்ததில் என் கையும் இருந்தது. ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். அடங்குவதாகத் தெரியவில்லை. ஆத்திரத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் 'சுற்றாடல் துறையில் உத்தியோகம்' என்றே எழுதி வந்தேன். பதின்மூன்று வயதான என் மகள் யாழினியும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மை இதுதான்: ரொறன்ரோவின் குப்பையைப் புதைக்கும் மேடு ஒன்றில் நான் காற்று அளக்கிறேன். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவள், இங்கே மஞ்சள் தொப்பியும் இரும்பு வைத்த சப்பாத்தும் போட்டு, தோளில் ஒரு கருவியைக் கொழுவிக்கொண்டு குப்பைக்கு மேல் நடக்கிறேன். வெட்கப்பட்டு அதை மறைத்தேன். இனி மறைக்கப்போவதில்லை.

2

மேடு என்றதும் காகம் கிளறும் குப்பைமேட்டை நினைக்க வேண்டாம். நாள் முழுக்க லொறிகள் வந்து கொட்டும். இயந்திரம் அதை மிதித்து நெரிக்கும். பின்னேரம் மேலே மண்ணைப் பரப்பி மூடிவிடுவார்கள். சில வருடங்களில் அதன்மேல் புல் முளைத்துவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் பணக்காரர்கள் பந்தடிக்கும் புல்வெளி என்றுதான் நினைப்பீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கட்டுப் பிரிக்காத பாண். ஹலோவீனுக்கு வாங்கி, கண்ணும் மூக்கும் வெட்டி வாசலில் வைத்து, ஒரு கிழமையில் எறிந்த பூசணிக்காய்கள். எங்கள் ஆட்களை விட்டுவிட்டால் அது நேர்மையில்லை: கலியாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றையும் கறியையும் கறுப்புப் பைகளில் கட்டி எறிவதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அவ்வளவும் காற்றுப் படாமல் மண்ணுக்குள் கிடந்து அழுகுகின்றன. காற்றில்லாமல் அழுகுவது மெதேன் என்ற வாயுவைக் கக்கும். ஒரு காபனும் நான்கு ஐதரசனும் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்பேன்! நிறமில்லை, மணமில்லை, எரியும்.

அந்த வாயுவில் ஒரு பகுதியைக் குழாய்களால் உறிஞ்சி, உயரமான ஓர் இரும்புப் புகைபோக்கியில் கொளுத்துகிறார்கள். மிச்சம் வானத்துக்குப் போகிறது. அப்படிப் போன மெதேன் காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது கம்பனிக்குத் தெரியாத விஷயம் இல்லை. அலுவலகச் சுவரில் அதை விளக்கும் வண்ணப்படமே தொங்குகிறது. படத்தில் பூமிப்பந்துக்குக் காய்ச்சல். வாயில் காய்ச்சல் பார்க்கும் கோலோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. அதன் கீழே இருந்துதான் நாங்கள் தேநீர் குடிக்கிறோம்.

வேலைக்குப் போன முதல் நாள் அந்தப் புகைபோக்கியின் சுவாலையைப் பார்த்ததும் எனக்கு வந்தது வியப்பு இல்லை, வயிற்றெரிச்சல். பொருளாதாரத் தடை போட்ட காலத்தில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பரீட்சைத் தாள் திருத்தியவள் நான். யாழினி அப்போது சிறுபிள்ளை. அவளுக்குச் சுடுதண்ணீர் வைப்பதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு கிராமமே சமைத்துச் சாப்பிடக்கூடிய நெருப்பு யாருக்கும் பயன்படாமல் இரவு பகலாக எரிகிறது. ஏன் இதை எதற்காவது பயன்படுத்தக்கூடாது என்று என் மேற்பார்வையாளர் ரொன்னிடம் கேட்டேன். ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். இரண்டு வருடமாக ஆராய்கிறார்கள். நெருப்பும் இரண்டு வருடமாக எரிகிறது.

3

என் தம்பி சிவநேசன் வந்த புதிதில் பார்க்டேலில் ஆறு பேரோடு ஓர் அறையில் கிடந்தவன். பிறகு ஸ்காபரோவில் மாடிக் குடியிருப்பு. போன இலையுதிர் காலத்தில் எங்கள் மேட்டின் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டிய புது வீடுகளில் ஒன்றை வாங்கினான். குப்பைமேடு பக்கத்தில் என்று தெரிந்துதான் வாங்கினான். மணம் வருமோ என்று என்னைத்தான் கேட்டான். "காத்து மற்றப் பக்கம்தான் அடிக்கிறது, பயப்படாமல் வாங்கு" என்று சொன்னவளும் நானேதான்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு ஐம்பது பேர் வந்தார்கள். மேல்தளத்தில் சாமிப்படங்களை வைத்துச் சாம்பிராணி காட்டியதும் புகை எச்சரிக்கைக் கருவி வீடே அதிரக் கத்தியது. தம்பியின் மனைவி வசந்தி படங்களைத் தூக்கிக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு இறங்கினாள். பேஸ்மென்ற் என்று நாங்கள் எல்லோரும் சொல்லும் அந்தத் தளத்தின் மூலையில், கதவு போட்ட சிறிய அறை ஒன்று இருந்தது. அதுவே சாமியறை ஆனது. ஸ்காபரோவில் பாதிச் சாமிகள் பேஸ்மென்றில்தான் குடியிருக்கிறார்கள்.

அங்கே விளக்கு நிற்கவில்லை. ஏற்றியதும் நூர்ந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி நூர்ந்தது. சுவரின் அடியில் கையளவு அகலத்தில் ஒரு வெள்ளைக் குழாய். அதற்குள்ளால் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. குடிபூரல் அன்று விளக்கு நூர்ந்தால் எங்கள் சனத்தின் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வசந்திக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அவள் வயிற்றில் ஏழு மாதம்.

"அக்கா, உந்தக் குழாய் என்னத்துக்கு?" என்று தம்பி கேட்டான்.

"கட்டினவங்கள் மூட மறந்துபோய் விட்டிருப்பாங்கள்" என்றேன்.

பாத்திரம் சுற்றிக் கொண்டுபோன என் பழைய நூல்சேலை கையில் இருந்தது. அதைச் சுருட்டிக் குழாய்க்குள் இறுக்கி அடைத்து, மேலே ரேப் ஒட்டினேன். மூன்றாம் முறை ஏற்றிய விளக்கு ஆடாமல் நின்றது. "ரீச்சர் எண்டால் ரீச்சர்தான்" என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் குழாய் எதற்கு என்று இப்போது சொல்கிறேன். மேட்டில் இருந்து மண்ணுக்குள்ளால் பக்கவாட்டில் நகர்ந்து வரும் மெதேன் வீடுகளின் அடியில் தேங்கலாம். வெளிக்காற்று அந்தக் குழாயால் உள்ளே வந்து, கூரைவரை போகும் இன்னொரு குழாயால் வாயுவையும் இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்காக வைத்த மூக்குத்துவாரம் அது. தினமும் நூறு குழாய்க்குள் கருவியை விட்டு மெதேன் அளப்பவள், புதுச் சுண்ணாம்பு பூசிய சுவரில் அதே வெள்ளைக் குழாயைக் கண்டபோது ஒன்றும் யோசிக்கவில்லை. இந்த வெட்கம் எனக்குச் சாகும்வரை இருக்கும்.

4

சம்பவம் நடந்தது பெப்ரவரியில், கேக் வெட்டியதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம். இரண்டு கிழமையாக விடாத குளிர். நிலம் மேலால் உறைந்து, சட்டிக்கு மூடி போட்டது போல இறுகிவிட்டது. மேலே வர வழியில்லாவிட்டால் வாயு பக்கத்தால் போகும். வேலியோரக் குழாய்களில் அளந்துகொண்டு போனேன். கடைசிக் குழாயில் கருவியின் எண் ஏறி, ஏறி, கூவத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டின் பின்கதவு. அந்த நொடியில்தான் வெள்ளைக் குழாயும் சேலையும் நினைவுக்கு வந்தன.

ரொன்னிடம் ஓடினேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"படிவத்தை நிரப்பி வை. திங்கட்கிழமை ஆலோசகர் வருவார்" என்றார்.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அந்த வீட்டில் விளக்கு ஏற்றுவார்கள்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? வெள்ளிக்கிழமை என்றால் அவருக்கு வேறு விஷயம். குடியிருப்பாளர்களோடு கதைப்பது உன் வேலை இல்லை, அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது என்றார். வேலைக்குச் சேரும்போது நான் அப்படி ஒரு தாளில் கையெழுத்து வைத்ததையும் ஞாபகப்படுத்தினார். நீ அளப்பவள், முடிவெடுப்பவள் அல்ல என்றார். குரலை உயர்த்தாமல், மரியாதையாகவே சொன்னார். இந்த நாட்டில் எல்லா அநியாயமும் மரியாதையாகவே நடக்கும்.

அலுவலகத் தொலைபேசியை எடுத்து வசந்திக்கு அடித்தேன். லைன் பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அவள் தொலைபேசிக் கார்ட் போட்டுக் கொழும்பில் இருக்கும் தாயோடு கதைப்பாள்; கார்ட் முடியும்வரை வைக்கமாட்டாள். தம்பி தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ற். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கருவியைத் தோளில் போட்டபடியே காரை எடுத்தேன். வேலிக்கு மேலால் பார்த்தால் கூப்பிடு தூரம். வாசலால் சுற்றிப் போனால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வசந்தி கதவைத் திறந்தாள். தோய்ந்த தலையில் துவாய், தோளில் நெரித்துப் பிடித்த தொலைபேசி, ஒரு கையில் அணைத்த இரண்டு மாதப் பிள்ளை, மற்றக் கையில் நெருப்புப் பெட்டி.

"ஐயோ மச்சாள், வெள்ளிக்கிழமையும் அதுவுமா உந்தக் குப்பைச் சப்பாத்தோடையே உள்ளுக்கு வாறியள்!"

"நெருப்புப் பெட்டியை என்னட்டைத் தா. விளக்கு ஏத்தினனியோ?"

"இல்லை, இப்பத்தான் கீழை இறங்கப் போறன். அம்மா லைனிலை நிக்கிறா…"

"போனை அப்பிடியே விடு. லைற் சுவிச் ஒண்டையும் தொடாதை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் என்ரை காருக்குள்ளை இரு!"

"என்ன மச்சாள், என்ன நடந்தது?"

"போ எண்டால் போ!"

அவளைப் பார்த்து நான் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. ஈரத் தலையோடு பிள்ளையைத் துவாயால் மூடிக்கொண்டு ஓடினாள்.

நியாயமாக நானும் வெளியே நின்று தீயணைப்புப் படையைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் அடைத்ததை நானே எடுக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அப்போது என் மூளைக்குள் வேறு எதுவும் இல்லை. படிக்கட்டின் பாதியிலேயே கருவி கூவியது. சாமியறைக் கதவைத் திறந்து, கையை உயர்த்தி முகட்டுக்குக் கிட்டப் பிடித்தேன். மெதேன் காற்றைவிடப் பாரம் குறைந்தது, மேலேதான் சேரும். தீப்பிடிப்பதற்கு வேண்டிய அளவில் முக்கால் பங்கு என்று காட்டியது. மிச்சக் கால் பங்கு எப்போது நிரம்பும் என்று யார் சொல்வது? கீழே குத்துவிளக்கில் எண்ணெய் விட்டு, புதுத் திரி போட்டு, குங்குமம் வைத்து எல்லாம் ஆயத்தமாக இருந்தது.

ரேப்பைப் பிய்த்துச் சேலையை இழுத்தேன். கறுத்து, ஈரமாகி, முழம் முழமாக வந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. அந்த வீட்டில் இருந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வந்து, சேலையை மடியில் போட்டபடி வாசல்படியில் இருந்தேன்.

வசந்தி கார்க் கண்ணாடியை இறக்கினாள். என் மடியில் கிடந்ததைப் பார்த்தாள்.

"அது நீங்கள் அண்டைக்கு வைச்ச சேலை எல்லே?"

"ஓம். நான் வைச்சதுதான்."

பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

5

இனி அலுவலகக் கதை. ஆலோசகர் வந்தார். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, மேட்டில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். அறிக்கை தயாராகிவிட்டது. காரணம் என்ற கட்டத்தில் இப்படி ஒரு வரி: 'குடியிருப்பாளர் தமது கலாசாரப் பழக்கம் காரணமாகக் காற்றோட்டக் குழாயை அடைத்தமை.' மேடு கசிந்தது காரணம் இல்லை. உறைந்த நிலத்தில் உறிஞ்சும் குழாய்கள் போதாமல் போனது காரணம் இல்லை. எங்கள் சாமியும் விளக்கும்தான் காரணம். அளவுகள் சரி என்று நான் அதன் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பில் இருந்து எடுத்துவிடலாம் என்று ரொன் சொன்னார். அவருக்கு என்னில் கோபம் இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"குழாய் எதற்கென்று அந்த மனிதர்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"வீட்டுப் பத்திரத்தோடு ஓர் இணைப்பு இருக்கிறது" என்றார்.

தம்பி வீட்டில் அதைத் தேடி எடுத்தேன். வேலிக்கு என்ன நிறம் பூசலாம், புல்லை எவ்வளவு உயரத்துக்கு விடலாம் என்ற இரண்டு விதிகளுக்கு நடுவே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் நாலு வரி. மெதேன் என்ற சொல்லே அதில் இல்லை. 'காற்றோட்ட அமைப்பில் மாற்றம் செய்யலாகாது', அவ்வளவுதான். நாங்கள் வீடு வாங்குவது எப்படி? லோயர் ஒவ்வொரு தாளாகத் திருப்புவார், விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவோம், வெளியே வந்து கற்கண்டு கொடுப்போம்.

தம்பிக்கு என்னில்தான் ஆத்திரம். எல்லாம் தெரிந்த பிறகும்.

"அக்கா, தயவுசெய்து உதை இதோடை விடுங்கோ. குழாயைத் திறந்தாச்சு, சரி. இனி ரேடியோ, பேப்பர் எண்டு போனால் உந்த வீட்டை ஆர் வாங்குவான்?"

"மற்ற வீடுகளிலையும் பிள்ளையள் இருக்குதுகள் எல்லோ?"

"மற்ற வீட்டுக்காரருக்கு மூளை இருக்கு. அவையள் சேலை அடைக்கேல்லை."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அறிக்கை எழுதிய வெள்ளைக்காரன் நினைத்ததையே என் கூடப்பிறந்தவனும் நினைக்கிறான். எங்கள் ஆட்களுக்குத்தான் விளக்கம் இல்லை, எங்கள் ஆட்கள்தான் எதையும் பழுதாக்குவார்கள். இந்த நாட்டுக்கு வந்து முதலில் நாங்கள் படித்த பாடம் அதுதான் போலும். அன்று அவன் வீட்டில் தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

6

சனிக்கிழமை காலை யாழினியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். என் ஆங்கிலம் கோபம் வந்தால் கட்டறுந்து ஓடும், அவளுடையது ஓடாது. காருக்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, என்ரை கிளாஸ்மேற் ஒருத்தி அந்த ஸ்ட்ரீற்றிலை இருக்கிறாள். இட்ஸ் ஸோ எம்பரஸிங். நீங்கள் டம்ப்பிலை வேர்க் பண்ணுறது அவைக்குத் தெரிய வரும்."

"வரட்டும். கொப்பியையும் பேனையையும் எடு."

வேலியோரம் உள்ள வீடுகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினோம். சிலர் திறக்கவில்லை. ஒருவர் நாங்கள் மதம் மாற்ற வந்தவர்கள் என்று நினைத்து வேண்டாம் என்றார். மற்ற வீடுகளில் யாழினி விளக்கினாள். முதல் வீட்டில் வாய்க்குள் முணுமுணுத்தாள். மூன்றாம் வீட்டில் கையை ஆட்டிப் பேசத் தொடங்கினாள். வெள்ளைக் குழாய் எங்கே என்று கேட்டு, கீழே போய்ப் பார்த்தோம்.

முதல் வீடு, இத்தாலியக் கிழவர் ஒருவருடையது. பேஸ்மென்றில் பீப்பாய்களில் வைன் ஊற வைத்திருந்தார். குளிர் பிடிக்கும் என்று குழாய்க்குள் கம்பளிக் காலுறை. அடுத்தது தாதியாக வேலை செய்யும் ஜமேய்க்காப் பெண். அவள் கணவன் குளிர் வராமல் சுவருக்குள் அடைக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சைத் திணித்திருந்தான். பிறகு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். பையன்கள் ஹொக்கி விளையாடும் அறையில் குழாய்க்கு ஏற்ற அளவில் ஒரு ரப்பர் பந்து. இன்னொரு வீட்டில் பத்திரிகைத் தாள். யாழினியின் வகுப்புத் தோழி வீட்டில் தலையணை உறை. அந்தப் பிள்ளையே அதை இழுத்து எடுத்தது. யாரும் எங்களைத் திட்டவில்லை. "இது எதற்கென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரே வசனம், வேறு வேறு உச்சரிப்பில்.

தெருவின் கடைசியில் தம்பி வாசல்பனியை வழித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் காணாதவன் போல நின்றான். வசந்தி பிள்ளையோடு படிக்கு வந்தாள்.

"எங்கடை நம்பரையும் எழுதுங்கோ, மச்சாள்."

"வசந்தி, உள்ளுக்குப் போ" என்றான் தம்பி.

"போறன். முதல் நம்பரை எழுதட்டும்."

அவள் அவனுக்கு எதிராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் குனிந்து மறுபடி பனியை வழிக்கத் தொடங்கினான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை யாழினி சாப்பாட்டு மேசையில் இருந்து பட்டியலை ஆங்கிலத்தில் துப்பரவாக எழுதினாள். வீட்டு இலக்கம், எதனால் அடைத்தது, யார் அடைத்தது. எழுத்துப் பிழைகளைத் தானே திருத்தினாள். அடைத்திருந்த வீடுகள் ஒன்பது. சேலை ஒன்றில்தான்.

"மாமா வீட்டுக்கு ஆர் அடைச்சது எண்டு போடுறது?" என்று கேட்டாள். "அந்த றிப்போர்ட்டிலை இருக்கிற மாதிரி ரெசிடென்ற் எண்டு போடவோ?"

"வேண்டாம். என்ரை பேரைப் போடு."

"ஜொப் போகும், அம்மா."

"தெரியும். போடு."

எழுதினாள். பிறகு நான் கேட்காமலே பெயருக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதி, தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். 'குப்பைமேட்டில் வாயு அளப்பவர், இரண்டு வருட அனுபவம். குழாய் எதற்கென்று இவருக்கும் சொல்லப்படவில்லை.'

இன்று காலை அதைக் கொண்டுபோய் ரொன்னின் மேசையில் வைத்தேன். ஒரு பிரதி நகரசபைக்கும் ஒரு பிரதி பத்திரிகைக்கும் போய்விட்டது என்றும் சொன்னேன். அவர் வாசித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு அப்பால் சுவாலை எரிந்துகொண்டிருந்தது. தொப்பியையும் கருவியையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கருவியை வைக்க முன்னர், பட்டியல் கிடைத்தது என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.